காது கேட்கலையா? சொல்லிடுங்க!



நான் பாடம் நடத்திய காலத்தில், கடைசி பெஞ்ச் மாணவன் ஒருவன் கூப்பிட்டால் திரும்பவே மாட்டான். 'கவனம் எங்கே இருக்கு?' என்று பலமுறை திட்டியிருக்கிறேன். அவனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இன்று நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

செவித்திறன் சோதனையில் ஊசி இல்லை, வலியும் இல்லை. ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை எழுப்புவார்கள். கேட்டதும் கையைத் தூக்கினால் போதும்! 2013ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவக் குழு வருகிறது. அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். கோவை அரசு மருத்துவமனையிலும் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது.

சோமனூர், பல்லடம் பக்கத்துக் குட்டீஸ்களே, உங்கள் அப்பா, அம்மா விசைத்தறிக்குப் போகிறார்களா? 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தை தினமும் எட்டு மணி நேரம் கேட்டால், உள்காதின் நுண்ணிய செல்கள் அழியும், மறுபடி முளைக்காது. அவர்களையும் சோதனைக்குக் கூட்டிப்போங்கள்.

வகுப்பில் யாராவது 'என்ன?' என்று மறுபடி கேட்டால் சிரிக்காதீர்கள். முன் பெஞ்சில் இடம் கொடுங்கள், டீச்சரிடம் சொல்லுங்கள். நான் செய்த தவறை நீங்கள் செய்யக் கூடாது, சரியா?