பிள்ளையின் பைக்குள் கத்தி வைத்தால் அது காவலாகாது

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஒரு பெண்ணுக்கு ஏதாவது நடந்துவிட்டால், செத்தவீட்டிலேயே ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். "கையில ஒரு கத்தி கித்தி வைச்சிருந்தா இப்பிடி நடந்திருக்குமே?" என்பார் ஒருவர். "மிளகாய்த்தூளாவது கொண்டு போயிருக்கலாம்" என்பார் இன்னொருவர். கனடாவிலிருந்து கதைக்கும் மாமா, பிள்ளைக்கு ஸ்பிரே வாங்கி அனுப்பட்டோ என்று கேட்பார். படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றி, பெண்கள் ஆயுதம் தாங்கினால்தான் ஆண்களுக்குப் பயம் வரும் என்று மேடையில் முழங்குவார்கள். கோயில் வீதியில் நிற்பவர் நயினை நாகபூசணியையும் சாட்சிக்கு இழுப்பார்: அம்மனே ஆயுதம் ஏந்தியவள்தானே!

கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நம்பிக்கை பிழையானது. அதைவிட மோசம், பெண்ணைத் தவிர மற்ற எல்லோருக்கும் இது வசதியாகவும் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தாக்கப்படும் பெண் திருப்பித் தாக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அகப்பை, அலவாங்கு, கல், பல், நகம் என்று கைக்கு எது அகப்படுகிறதோ அதை எடுக்கலாம். இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 93ஆம் பிரிவு, வன்புணரும் நோக்கத்தோடு தாக்குபவனுக்கு மரணமே நேர்ந்தாலும் அது தற்காப்பு உரிமைக்குள் அடங்கும் என்கிறது. அந்த உரிமையில் எனக்கு வழக்கில்லை. ஆயுதம் கொண்டு திரிவதுதான் பெண்ணின் பாதுகாப்பு, கொண்டு திரியாதவள் கவனயீனமானவள் என்ற எண்ணத்தோடுதான் என் வழக்கு.

நடந்ததைப் பார்ப்போம். 2015 மே 13ஆம் திகதி புங்குடுதீவில் உயர்தர மாணவி ஒருத்தி பள்ளிக்கூடம் போகும் வழியில் காணாமற்போனாள். மறுநாள் உடல் கிடைத்தது. வடக்கு முழுவதும் கடையடைப்பு, ஊர்வலம், மாணவர் போராட்டம். 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி மூன்று நீதிபதிகள் அமர்ந்த ட்ரயல் அட் பார் தீர்ப்பாயம் யாழ்ப்பாணத்தில் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அது திடீரென்று வெறி தலைக்கேறிய ஒருவனின் செயல் அல்ல, பலர் சேர்ந்து திட்டமிட்டுச் செய்த குற்றம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இப்போது அந்த ஒழுங்கைகளில் சைக்கிள் ஓட்டிப் போகும் எந்தப் பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். இரண்டு கையும் ஹாண்டிலில். புத்தகப்பை முதுகில், அல்லது பின் கரியரில். பைக்குள் கொப்பிகள், சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், அடியில் எங்கோ அம்மா வைத்துவிட்ட கத்தி. ஒழுங்கையின் இரு பக்கமும் ஆளில்லா வளவுகள்: கதவு கழன்ற வீடு, இடிந்த மதில், தலைக்கு மேலே வளர்ந்த பற்றை, வடலிக் கூட்டம். பற்றைக்குள்ளிருந்து ஒருவன் வருவதற்குள் பின்னால் இன்னொருவன் வந்துவிடுவான். பையின் சிப்பைத் திறக்க எத்தனை விநாடி வேண்டும்? திறந்து எடுத்தாலும், தோட்டத்திலும் கடலிலும் உரமேறிய இரண்டு மூன்று ஆண்கள் முன்னால் அந்தக் கத்தி யார் கைக்குப் போகும்? இடத்தையும் நேரத்தையும் ஆள்பலத்தையும் தாக்குபவனே தெரிவு செய்திருக்கிறான். அந்த மூன்றையும் அவனிடம் விட்டுவிட்டு, நாலு அங்குல இரும்பைப் பிள்ளையிடம் கொடுப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது.

2012இல் நெடுந்தீவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி சிதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டாள். 2023 ஏப்ரலில் அதே நெடுந்தீவில் ஒரே வீட்டில் முதியவர்கள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள், அவர்களுள் பெண்களும் இருந்தார்கள். 12 வயதுப் பிள்ளைக்கு எந்த ஆயுதத்தைக் கொடுப்பீர்கள்? தடியூன்றி நடக்கும் கிழவிக்கு எதைக் கொடுப்பீர்கள்? ஆயுதம் என்ற பேச்சு கையில் பலமும் மனத்தில் பயிற்சியும் உள்ள ஒரு சிலருக்கு மட்டுமே பொருந்தும். வேட்டையாடப்படுபவர்களோ பெரும்பாலும் அந்த இரண்டும் இல்லாதவர்கள்.

இந்த நம்பிக்கையின் அடியில் இன்னொரு பிழையும் கிடக்கிறது. ஆபத்து ஒழுங்கையில் நிற்கும் அந்நியனிடமிருந்துதான் வரும் என்று நினைக்கிறோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, இலங்கையில் கணவனோ துணையோ இருந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையின் கையாலேயே உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார். 2017இல் உலகெங்கும் கொல்லப்பட்ட ஏறத்தாழ 87,000 பெண்களில் 50,000 பேரைக் கொன்றவர்கள் துணைவர்களோ குடும்பத்தவர்களோதான் என்று ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் கணக்கிட்டது. குடித்துவிட்டு வரும் புருசன், ரியூசன் வாத்தி, பக்கத்து வளவு அண்ணை, மச்சான்: இவர்களை நோக்கிக் கத்தியை உருவும்படி நாம் எந்தப் பெண்ணுக்காவது சொல்கிறோமா? சொல்வதில்லை. "பொறுத்துப் போ பிள்ளை" என்றுதான் சொல்கிறோம். ஒழுங்கையில் காளியாகவும் வீட்டில் கண்ணகியாகவும் ஒருத்தியே இருக்க வேண்டும் என்றால் அது என்ன நியாயம்?

ஆயுத யோசனை நமக்கு மட்டும் வந்ததல்ல. 2012 டிசம்பரில் டில்லியில் பஸ்ஸில் மாணவி ஒருத்திக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு மும்பையில் சிவசேனா பெண்களுக்குக் கத்தி விநியோகித்தது. 2014இல் இந்திய அரசின் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்றே 'நிர்பீக்' என்ற ரிவால்வரை விற்பனைக்கு விட்டது. அப்போது அதன் விலை 1,22,000 இந்திய ரூபாய்க்கும் மேல். பஸ்ஸில் போய்வந்த ஒரு மாணவிக்கு நேர்ந்ததன் பெயரால் வந்த துப்பாக்கியை, பஸ்ஸில் போய்வரும் எந்தப் பெண் வாங்க முடியும்? கத்தி கொடுத்த கட்சிக்குப் படம் கிடைத்தது, தொழிற்சாலைக்குச் சந்தை கிடைத்தது. டில்லி பஸ்ஸில் பெண் ஏறும்போது அவளுக்குள் இருந்த பயம் அப்படியே இருந்தது.

ஆயுதமேந்திய பெண்களைப் பற்றி உலகத்துக்கு நாம் பாடம் எடுக்கலாம். 1980களின் நடுப்பகுதியிலிருந்து 2009 வரை எங்கள் மண்ணில் பெண்கள் துப்பாக்கி தூக்கினார்கள். 1987 ஒக்டோபர் 10ஆம் திகதி கோப்பாயில் பெண் போராளி மாலதி வீழ்ந்தபின் எத்தனை ஆயிரம் பெண்கள்! அந்தப் போரைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், ஒரு பெண் ஆயுதத்தைக் கையாள முடியுமா என்ற கேள்விக்கு அவர்கள் விடை சொல்லிவிட்டார்கள். பிறகு என்ன நடந்தது? 2009க்குப் பின் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வந்தவர்களில் 2,000க்கும் மேற்பட்டோர் பெண்கள். துப்பாக்கி தூக்கியபோது கைதட்டிய சமூகம், அவர்கள் திரும்பி வந்தபோது சம்பந்தம் பேசத் தயங்கியது, வேலை கொடுக்கத் தயங்கியது, முதுகுக்குப் பின்னால் குசுகுசுத்தது. ஆயுதம் பெண்ணின் நிலையை நிரந்தரமாக மாற்றும் என்றால், உலகிலேயே பாதுகாப்பான பெண்கள் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆயுதம் வைத்திருக்கும் தமிழ்ப் பெண்ணை இந்த நாட்டின் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பதையும் யோசியுங்கள். 1996 செப்டெம்பரில் சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி ஒருத்தியைச் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறித்துச் சீரழித்துக் கொன்றவர்கள் சீருடையில் நின்ற படையினர். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. வேலியே பயிரை மேய்ந்த அந்த நாட்களில் அவள் பைக்குள் ஒரு கத்தி இருந்திருந்தால், அது அவளைக் காப்பாற்றியிராது. கொன்றவர்களுக்கு ஒரு நியாயத்தைத்தான் கொடுத்திருக்கும். சோதனைச்சாவடிகள் பல போய்விட்டன, சந்தேகிக்கும் கண் போகவில்லை. நாளைக்கு ஒருத்தி தன்னைக் காக்கக் கத்தி வீசினால், பொலிஸ் நிலையத்தில் முதல் கேள்வி "ஏன் அவன் தொட்டான்" என்பதா, "ஏன் கத்தி கொண்டு போனாய்" என்பதா? விடை உங்களுக்குத் தெரியும்.

மதுரையில் 2012 பெப்ரவரியில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். குடித்துவிட்டு வந்து சொந்த மகளிடமே தவறாக நடக்க முயன்ற கணவனை ஒரு தாய் கிரிக்கெட் மட்டையால் அடித்துக் கொன்றார். அப்போதைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி இது தற்காப்பு என்று கூறி அவரை விடுவித்தார். அந்தத் தாய் ஆயுதம் தாங்கித் திரிந்தவர் அல்லர். வீட்டில் பிள்ளைகள் விளையாடும் மட்டை கைக்கு வந்தது. மகளைக் காத்தது மட்டை. தாயைச் சிறையிலிருந்து காத்தது, சட்டத்தைச் சரியாக வாசித்த ஓர் அதிகாரி. நமக்குப் பஞ்சமாயிருப்பது மட்டைகளுக்கா, அப்படிப்பட்ட அதிகாரிகளுக்கா?

புங்குடுதீவு வழக்கே இதற்குச் சாட்சி. மகளைக் காணவில்லை என்று முறையிடப் போனபோது, யாருடனாவது ஓடிப்போயிருப்பாள் என்ற தொனியில் பதில் வந்ததாகத் தாய் சொன்னது அப்போது செய்திகளில் வந்தது. பிரதான சந்தேகநபர் ஊராரிடம் அகப்பட்ட பிறகும் கொழும்புக்குத் தப்பினார். அவர் தப்ப உதவினார் என்ற குற்றச்சாட்டில் 2017 ஜூலையில் மூத்த பிரதிப் பொலிஸ்மா அதிபர் ஒருவரே கைதானார். குற்றவாளிகளுக்குத் தைரியம் கொடுத்தது பிள்ளையின் பையில் கத்தி இல்லாததா? அகப்பட்டாலும் ஆள் பிடித்து வெளியே வரலாம் என்ற நம்பிக்கையா?

எதிர்த்தரப்பின் வலுவான கேள்வியைத் தவிர்க்க மாட்டேன். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலம். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. பொலிஸ் வரும்வரை ஒருத்தி என்ன செய்வாள்? நியாயமான கேள்வி. விடை பயிற்சியில் இருக்கிறது. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் சார்லின் சென் தலைமையில் 893 மாணவிகளிடம் செய்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. ஆபத்தை முன்கூட்டியே அறிவது, தெரிந்தவனாக இருந்தாலும் தயங்காமல் மறுப்பது, கத்துவது, கையாலும் காலாலும் எதிர்ப்பது ஆகியவற்றை ஆயுதமில்லாமல் பன்னிரண்டு மணிநேரம் கற்றுக்கொடுத்தார்கள். ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானோர் பயிற்சி பெறாதவர்களில் 9.8 வீதம், பெற்றவர்களில் 5.2 வீதம். பயிற்சியின் முக்கிய பாடம் என்ன தெரியுமா? தெரிந்த ஆணிடம் மரியாதைக் குறைவாக நடக்கப் பயப்படாதே என்பது. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பதற்கு நேர் எதிரானது அது. கராத்தே வகுப்பை விட, "மாமாவிடம் இல்லை என்று சொல்லலாம்" என்று வீட்டில் சொல்லிக் கொடுப்பது பெரிய தற்காப்பு. ஆனால் இந்தப் பயிற்சியும் ஏறத்தாழப் பாதியைத்தான் குறைத்தது. மீதிப் பாதி பெண்ணின் கையில் இல்லை, ஆண்களின் கையிலும் ஊரின் கையிலும் இருக்கிறது.

அதனால்தான் கத்தி யோசனையை வசதியானது என்றேன். பிள்ளை கையில் கத்தியைக் கொடுத்துவிட்டால் பிரதேச சபை விளக்குப் போடத் தேவையில்லை. போக்குவரத்துச் சபை பள்ளி விடும் நேரத்துக்கு பஸ் விடத் தேவையில்லை. பொலிஸ் முறைப்பாட்டை அந்தக் கணமே பதியத் தேவையில்லை. தகப்பன் மகனைக் கண்டிக்கத் தேவையில்லை. இத்தனை பேரின் வேலையும் பதினேழு வயதுப் பிள்ளையின் தோளில் ஏறிவிடும். நாளை ஏதாவது நடந்தால் பழியும் அவள் மேலேயே விழும்: "கத்தி கொடுத்தும் பாவிக்கத் தெரியேல்லை."

செய்ய வேண்டியவை கண்ணுக்கு முன்னால் கிடக்கின்றன. 1990களில் ஊரே பெயர்ந்துபோனதால் தீவகம் எங்கும் பாழடைந்த வீடுகள். அவற்றின் உரிமையாளர்கள் கனடாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் இருக்கிறார்கள், கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தவறாமல் காசு அனுப்புகிறார்கள். அந்தக் காசில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடப் பாதையோரத்துத் தங்கள் வளவுகளைத் துப்புரவாக்க அனுப்பட்டும். அனுப்பாதவர்களின் வளவைப் பிரதேச சபை துப்புரவாக்கிச் செலவை அறவிடட்டும். ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் தமிழ் பேசும் பெண் பொலிஸார் இரவு பகலாகக் கடமையில் இருக்கட்டும். காணாமற்போன பெண்ணைப் பற்றிய முறைப்பாட்டை "நாளைக்கு வாங்கோ" என்று திருப்பி அனுப்புபவர் சீருடையைக் கழற்றும் நிலை வரட்டும். பெண்களுக்கான 1938, பிள்ளைகளுக்கான 1929 என்ற உதவி இலக்கங்கள் ஒவ்வொரு வகுப்பறையிலும் படகிலும் எழுதப்படட்டும். வம்பு செய்யும் மகனை "ஆம்பிளைப் பிள்ளைதானே" என்று மூடி மறைக்கும் வீட்டோடு ஊர் கொண்டு கொடுப்பதை நிறுத்தட்டும்.

இவை ஒன்றுக்கும் துப்பாக்கி உரிமம் வேண்டாம், வீரவசனமும் வேண்டாம். இவற்றைச் செய்து முடித்த ஊர் பிறகு வந்து கத்தியைப் பற்றிப் பேசட்டும், கேட்கிறேன். அதுவரை பிள்ளைகளின் பைக்குள் புத்தகங்கள் மட்டும் இருக்கட்டும்.