செல்லுக்குள் ஒரு குடிமராமத்து

சித்திரை வெயிலில் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்குத் திரளும் ஜனக்கூட்டத்தையும், ஒட்டப்பிடாரத்திலிருந்து கோவில்பட்டி வரையில் ஒதுங்க ஒரு வேலிக்கருவையின் நிழலைத் தவிர வேறு கதியின்றி விரிந்து கிடக்கும் கரிசல் காட்டில் குனிந்து மிளகாய்ப்பழம் பறிக்கும் பெண்களையும் பார்க்கும்போதெல்லாம், இத்தனை வெயிலைத் தாங்கியும் மனித சரீரம் எவ்வாறு கெடாமல் நிற்கிறது என்னும் ஆச்சரியம் எனக்கு உண்டாகும்.

சூரிய கிரணத்தில் உள்ள புறஊதாக் கதிர், தோலின் செல்களுக்குள் புகுந்து, டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் அடுத்தடுத்து நிற்கும் எழுத்துக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடுகிறது. அந்தச் சேதம் சேதமாகவே தங்கிவிட்டால் அதுவே நாளடைவில் புற்றுநோய்க்கு வித்தாகும். ஆயினும், ஐப்பசி அடைமழையில் கண்மாய்க் கரை உடைப்பெடுத்தால் ஊரார் மண்வெட்டியும் கூடையுமாய்ச் சென்று விடிவதற்குள் அடைத்துவிடுவதைப் போல, செல்லுக்குள்ளும் இராப்பகலாக ஒரு குடிமராமத்து நடந்துகொண்டேயிருக்கிறது. ஒரு புரதம் பழுதைக் கண்டுபிடிக்க, மற்றொன்று இழையைப் பிரிக்க, வேறு இரண்டு கெட்ட துண்டை வெட்டியெடுக்க, பின்னொன்று எதிர் இழையைப் பார்த்துப் பள்ளத்தை நிரப்புகிறது. இத்தகைய மராமத்தின் மர்மங்களைத் துலக்கியமைக்காகவே தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஜீஸ் சான்ஜார் ஆகிய மூவருக்கும் 2015-ஆம் ஆண்டு ரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த மராமத்து ஆட்களில் ஒருவர் பிறவியிலேயே இல்லாமற்போன குழந்தையின் கதி பரிதாபகரமானது. ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்னும் அவ்வியாதி கண்டவர்களுக்குச் சிறு வயதிலேயே தோல் வறண்டு, புள்ளி புள்ளியாய்க் கறுத்து, பலருக்குப் பத்து வயதுக்குள்ளாகவே புற்று தோன்றிவிடுகிறது. டி.என்.ஏ.யைச் செப்பனிட இயலாமையே இதன் காரணம் என்பதை 1968-ல் ஜேம்ஸ் கிளீவர் நிரூபித்தார். பிரேஸில் நாட்டுக் கோயாஸ் மாநிலத்தில் அராராஸ் என்றொரு விவசாயக் கிராமம் உண்டு. உறவுக்குள்ளேயே மணம் முடித்து, வெயிலில் காட்டு வேலை செய்து பிழைத்த அந்த ஊரில் இந்நோய் பல குடும்பங்களைப் பீடித்தது. அந்த நாட்டு விஞ்ஞானி கார்லோஸ் மெங்க்கின் குழுவினரே அந்த ஊராரின் மரபணுப் பழுதை ஆராய்ந்தவர்கள்; அவர்களே 2004-ல், நோயுண்டாக்கும் தன்மை நீக்கப்பட்ட அடினோ வைரஸின் முதுகில் எக்ஸ்.பி.ஏ. என்னும் மனித மராமத்து மரபணுவை ஏற்றி, அந்த மரபணு இல்லாத எலிகளின் தோலுக்குள் செலுத்தி, புறஊதாக் கதிரால் வரும் புற்றைத் தடுத்துக் காட்டியவர்கள்.

வைரஸ் என்றால் நமக்குப் பயம். அது நியாயமான பயமே. ஆனால் செல்லின் கதவைத் திறந்து தன் மரபணுவை உள்ளே வைத்துவிடுவதில் அதற்கு நிகரானது சிருஷ்டியில் வேறொன்றில்லை என்பதால், அதன் விஷத்தைக் களைந்து, நாம் தரும் சரக்கைச் சுமக்கும் ஊர்தியாக்கிக்கொண்டார்கள். இந்த ஊர்திக்கும் பாரக் கணக்கு உண்டு. அடினோ-துணை வைரஸ் என்னும் வேறொரு வகை ஏறக்குறைய 4,700 எழுத்துக்களையே சுமக்கும், எக்ஸ்.பி.ஏ. புரதத்துக்கான செய்தி ஆயிரம் எழுத்துக்கும் குறைவாதலால் எளிதில் ஏறிவிடும், ஏ.டி.எம். என்னும் மற்றொரு மராமத்து மரபணுவோ 9,000-க்கு மேற்பட்டதாதலால் ஏறாது.

சிகிச்சைக்கு முன்பே இவ்வூர்தி செய்யும் பேருபகாரம் ஒன்று உண்டு. அதைப் பற்றியே இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நோயாளியின் தோலில் கடுகளவு எடுத்துச் செல்களாக வளர்த்து, பல மராமத்து மரபணுக்களின் நல்ல பிரதிகளைத் தனித்தனியே வைரஸ் மூலம் புகுத்தி, பின் புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால், எந்த மரபணு புகுந்த செல்கள் பிழைக்கின்றனவோ அதுவே அக்குழந்தையிடம் பழுதுபட்டது என்று துணியலாம். எழுத்து மாறியிருக்கிறது என்று மட்டும் சொல்லி, அம்மாற்றம் தீங்கானதா அல்லவா என்பதில் மரபணுப் பரிசோதனை தயங்கி நிற்கும் இடத்தில், இச்சோதனை தீர்ப்பே கூறிவிடும்.

நம் சீமைக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் தேவை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழகத்தில் 100-க்கு 28 திருமணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. அக்காள் மகளையும் அத்தை மகளையும் முறைப்பெண்ணாகக் கொள்வதை நான் இகழவில்லை. வானம் பார்த்த பூமியில் நிலமும் நகையும் உறவும் சிதறாமல் காத்த ஏற்பாடு அது. ஆனால் தாய், தந்தை இருவரும் ஒரே பழுதைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு என்பதை அக்குடும்பம் அறியும் உரிமையை மறுப்பது தர்மமாகாது.

இவ்வித்தை நமக்கு எட்டாததன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா தலைமையிலான குழுவினர், லென்டி வைரஸ் மூலம் இரத்தம் உறையும் எட்டாம் காரணிக்கான மரபணுவை ஹீமோபீலியா நோயாளிகள் ஐவரின் ஸ்டெம் செல்களில் ஏற்றி, ஐவருக்கும் இரத்தக் கசிவு நின்ற செய்தியை 2024 டிசம்பரில் உலகப் பிரசித்தி பெற்ற மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டார்கள். ஸ்பெயினில், டி.என்.ஏ. மராமத்துப் பழுதால் எலும்பு மஜ்ஜை வற்றும் ஃபான்கோனி இரத்தசோகைக்கு இதே வகை வைரஸைப் பயன்படுத்தியபோது, திருத்தப்பட்ட செல்கள் தாமே பெருகி மற்றவற்றின் இடத்தைப் பிடித்தன. அபாயத்தையும் மறைக்கலாகாது: இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்ஸில் எதிர்ப்புச் சக்தியற்ற குழந்தைகளுக்குப் பழைய ரெட்ரோ வைரஸைக் கொடுத்தபோது, அது தகாத இடத்தில் ஒட்டி, சிலருக்கு இரத்தப் புற்றை உண்டாக்கியது. செப்பனிடும் சக்தியே குன்றிய செல்லில் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். ஆகையால் நம் குழந்தைகளின் உடலில் உடனே வைரஸைச் செலுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது சிறியது. வெயிலில் கண் கூசி அழும், முகமெல்லாம் கரும்புள்ளி விழுந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ அரசு மருத்துவக் கல்லூரி வாசலுக்கு வரும்போது, களிம்பு கொடுத்து அனுப்பிவிடாமல், அந்தக் கடுகளவு தோலை அங்கேயே எடுத்து, அரசின் செலவில் அன்றிரவே வடக்கே இச்சோதனை செய்யக்கூடிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, பழுது எந்த மரபணுவில் என்னும் விடையை, அடுத்த கல்யாணப் பேச்சு தொடங்குமுன், அவளுக்குப் புரியும் தமிழில் எழுதித் தர வேண்டும்.