இரவல் உரிமை நிலைக்குமா?

பிஜியின் பிரதமர் சிதிவேனி ரபுகா 2025 ஆகஸ்டில் தில்லி வந்தபோது சிவப்புக் கம்பள வரவேற்பு அளிக்கப்பட்டது. 1987-ல் ராணுவப் புரட்சி நடத்தி, இந்திய வம்சாவளியினரின் ஆதரவோடு அமைந்த அரசைக் கவிழ்த்தவர் அவர்தான் என்பதை வரலாறு மறக்கவில்லை.

1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக பிஜியின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே இந்துப் பெண்கள் பட்ட துயரை பாரதி பாடியதைத் தமிழகம் அறியும். அவர்களின் சந்ததியினரில் பெரும்பான்மையினர் இந்துக்கள்.

1990-ல் இயற்றப்பட்ட அரசியல் சட்டம், பிரதமர் பதவியைப் பூர்வகுடியினருக்கு மட்டுமே உரியதாக்கியது. 1997-ல் அந்தத் தடை நீங்கி, 1999-ல் மகேந்திர சௌத்ரி பிரதமரானார். சரியாக ஓராண்டில், நாடாளுமன்றத்துக்குள்ளேயே பிணைக்கைதியாக்கப்பட்டு, 56 நாள்கள் சிறை வைக்கப்பட்டார். நம்பிக்கை இழந்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் குடிபெயர்ந்தனர். 1986-ல் மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதியாக இருந்த சமுதாயம், 2007-ல் 37 சதவீதமாகச் சுருங்கியது.

2013-ம் ஆண்டு அரசியல் சட்டம் இனவாரித் தொகுதிகளை ஒழித்தது. குடிமக்கள் அனைவருக்கும் 'பிஜியர்' என்ற பொதுப் பெயரைத் தந்தது. ஆனால், அச்சட்டமும் 2006 ராணுவப் புரட்சியின் வழி வந்த அரசு அளித்ததே. துப்பாக்கி பறித்த உரிமையைத் துப்பாக்கியே திருப்பித் தந்தது என்பதுதான் விந்தை. மக்களின் ஒப்புதல் இல்லாமல் கிடைத்த உரிமை, இரவல் உரிமையே.

1987 நிகழ்வுகளுக்காக 2023-ல் ரபுகா பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது பாராட்டுக்குரியது. ஆனால், 2025 ஆகஸ்டில் பிஜி உச்ச நீதிமன்றம், அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கான நிபந்தனைகள் தளர்த்தப்படலாம் எனக் கருத்துத் தெரிவித்தது. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரு பங்கு ஆதரவும், பொது வாக்கெடுப்பில் சாதாரணப் பெரும்பான்மையும் போதும். எந்தப் பெரும்பான்மையும் நினைத்தால் தொட முடியாத பாதுகாப்பு, சம குடியுரிமைக்கு இனியாவது தேவை.

பூர்வகுடியினரின் அச்சத்தையும் புறக்கணிப்பதற்கில்லை. நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு அவர்களின் குலங்களுக்கே உரியது. இந்திய வம்சாவளி விவசாயிகள் குத்தகைக்கே உழுகின்றனர். நில உரிமை அவர்களிடமே இருக்கட்டும். வாக்குரிமையிலும் பெயரிலும் ஏற்றத்தாழ்வு வேண்டாம் என்பதே கோரிக்கை.

பிஜி இந்தியர்கள் பிஜியின் குடிமக்கள்; அவர்களுக்காக தில்லி அரசியல் நடத்த முடியாது. ஆனால், பசிபிக்கில் சீனாவை எதிர்கொள்ளும் அவசரத்தில் அவர்களை மறந்துவிடவும் கூடாது. நட்புக் கரம் நீட்டும்போதே சம உரிமையின் அவசியத்தையும் எடுத்துரைப்பது, உண்மையான நண்பனின் கடமை!