மேலே பூசுவதற்கு முன்

"அண்ணே, பழசு மேலயே ஒரு கோட் அடிச்சிடலாம் லா. ஒண்ணும் தெரியாது."

பத்துமலைப் பக்கத்துத் தாமான் ஒன்றில், பெயிண்டர் என் அண்டை வீட்டுக்காரரிடம் இப்படிச் சொன்னது வேலி தாண்டி எனக்கும் கேட்டது. ஒன்றும் தெரியாதுதான், நாலு மழை பெய்யும் வரைக்கும்.

வீட்டுக்கு முன்னாலோ பின்னாலோ செங்கால் அல்லது பாலாவ் பலகையில் தளம் போடுவது நம் ஊரில் இப்போது வழக்கமாகிவிட்டது. இரண்டும் உறுதியான மரங்கள். திரங்கானுவில் டுயோங் தீவின் தச்சர்கள் செங்காலில்தான் படகு கட்டினார்கள். கடல் தண்ணீரையே தாங்கிய மரத்தை நாம் அடர்பழுப்புச் சாயமும் வார்னிஷும் பூசிக் காப்பாற்றப் பார்க்கிறோம். காலையில் சுட்டெரிக்கும் வெயில், பிற்பகலில் கொட்டும் மழை. மரம் சுருங்குகிறது, உப்புகிறது. மேலே தோலாகப் படிந்த பூச்சு அந்த அளவுக்கு ஈடுகொடுக்காமல் வெடிக்கிறது. வெடிப்பில் இறங்கும் தண்ணீர் ஆவியாக வழியில்லாமல் அடியிலேயே தங்குகிறது. இரண்டொரு வருடத்தில் பாதி உரிந்து, பாதி பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். இதன் மேல் புதுப் பூச்சு அடித்தால், பழையது கழலும்போது புதியதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

பூச்சு விஷயத்தில் மரம் வேறு, கான்கிரீட் வேறு. பத்துமலைக் கோயிலுக்கு 1920இல் முதலில் போட்டது மரப்படிகள். இன்றுள்ள 272 படிகளும் கான்கிரீட். 2018 ஆகஸ்டில், கும்பாபிஷேகத்தை ஒட்டி அவற்றுக்கு வானவில் வண்ணம் அடித்தபோது, அனுமதி வாங்கினீர்களா என்று தேசியப் பாரம்பரியத் துறை கேட்டது. அந்த விவகாரம் ஒரு பக்கம் இருக்கட்டும். கான்கிரீட்டில் பெயிண்ட் தேய்ந்தால் அடியில் கான்கிரீட் தெரியும், அவ்வளவுதான். மரத்தில் தேய்ந்த இடம் அன்றிலிருந்தே தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும்.

ஆகவே பழசை எடுத்தே தீர வேண்டும். முதலில் அது என்ன பூச்சு என்று பாருங்கள். ஒரு மூலையில் ஸ்பிரிட் நனைத்த துணியை வைத்தால் அரக்குப் பூச்சு கரைந்து ஒட்டும். தின்னரில் இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியூரித்தேனாக இருக்கலாம். அதற்குச் சுரண்டியும் உப்புத்தாளும்தான் வழி. சாயம் உரிக்கும் திரவம் வாங்கினால் டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று இருக்கிறதா என்று படியுங்கள். அதை முகர்ந்து ஆட்கள் இறந்ததால் அமெரிக்காவில் 2019இலேயே வீட்டு உபயோகத்துக்கு விற்பதை நிறுத்திவிட்டார்கள். மிகப் பழைய பலகை வீடு என்றால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

நம் தளங்களில் அதிகம் இருப்பது எண்ணெய் வகைச் சாயம். அதற்குக் காஸ்டிக் சோடா கலந்த உரிப்பான் போதும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நிழல் விழும் நேரத்தில் பூசி, கால் மணி நேரம் காயவிடாமல் வைத்திருந்து, நைலான் பிரஷால் மரத்தின் வரியோடு தேய்க்க வேண்டும். கம்பிப் பிரஷும் ஸ்டீல் உல்லும் ஆகவே ஆகாது. அதிலிருந்து உதிரும் இரும்புத் துகள் மரத்தின் டானினோடு சேர்ந்து கறுப்புப் புள்ளியாகும். ஆணியைச் சுற்றிக் கண்மை தீட்டியதுபோல் நிற்கும் கறையும் அதே இரும்பின் வேலைதான்.

காஸ்டிக் பட்ட பலகை கறுத்துப்போய்ப் பயமுறுத்தும். பூசை நடந்த தளம் என்றால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தைப்பூசத்துக்குப் பால்குடம் கட்டிய இடத்தில் கொட்டிய மஞ்சள், காரம் பட்டதும் குங்குமச் சிவப்பாக மாறும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தானே குங்குமமே செய்கிறோம்? பதறி மறுபடி காஸ்டிக் ஊற்ற வேண்டாம். அமிலம் பட்டதும் சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பும். மிச்ச மஞ்சளை வெயில் வெளுத்துவிடும். விளக்கெண்ணெய்க் கறைதான் உண்மையான தொல்லை. அது ஒரே தடவையில் போகாது.

அந்த அமிலம் ஆக்சாலிக் அமிலம். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். கறுப்பு கண்ணெதிரே கலைந்து மரத்தின் சொந்த நிறம் மேலே வருவதைப் பார்ப்பது, இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த கட்டம். இரும்புக் கறைக்கு இதுதான் மருந்து. குளோரின் அதை அசைக்காது, மரநாரைத்தான் கெடுக்கும். இரண்டையும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். ஆக்சாலிக் அமிலமும் விஷம்தான், குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பத்துமலைக் குரங்குகளைத் தடுக்க என்னிடம் யோசனை இல்லை.

வாட்டர் ஜெட் கையில் இருக்கிறது என்பதற்காக அருகில் வைத்து அடிக்காதீர்கள், நார் பஞ்சாகக் கிளம்பும். நன்றாகக் காய்ந்தபின் 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாள் போதும். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது. தைப்பூசம் கழிந்து மழை சற்றுக் குறையும் பிப்ரவரி இதற்குத் தோதான மாதம்.

பிறகு என்ன பூசுவது? என்னைக் கேட்டால், படலமாக நிற்காமல் உள்ளே ஊறும் எண்ணெய். வருடா வருடம் ஒரு கை பூசினால் அடுத்த தடவை உரிக்கும் வேலையே இராது. ஒன்றும் பூசாமல் வெள்ளி நரையாக விட்டாலும் செங்காலுக்குக் குறையில்லை. வீட்டில் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் பாடு. எண்ணெய் என்று முடிவானால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் போன்றவை காயும்போது சூடாகித் துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.