கென் ஆற்றின் ‘உபரி’: கணக்கைக் காட்ட மறுப்பது ஏன்?

மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் 2024 டிசம்பர் 25 அன்று பிரதமர் மோடி கென்–பேத்வா நதி இணைப்புத் திட்டத்திற்கு அடிக்கல் நாட்டினார். திட்ட மதிப்பீடு 44,605 கோடி ரூபாய். சத்தர்பூர் மாவட்டத்தின் தௌதனில் 77 மீட்டர் உயர அணை. அங்கிருந்து பேத்வா நோக்கி 221 கிலோமீட்டர் நீளக் கால்வாய். இதற்காக 6,017 ஹெக்டேர் வனநிலம் பலியிடப்படுகிறது. அதில் பெரும்பகுதி பன்னா புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. தலைமுறைகளாக அங்கு வாழும் ஆதிவாசி மக்கள் வெளியேற்றப்படுகிறார்கள். இவ்வளவும் ஒரே ஒரு சொல்லின் மீது கட்டப்படுகின்றன: ‘உபரி’. கென் ஆற்றில் நீர் உபரி, பேத்வாவில் பற்றாக்குறை என்கிறது ஒன்றிய அரசு. அந்த உபரி எவ்வளவு, எந்த அளவீடுகளிலிருந்து கணக்கிடப்பட்டது என்று கேட்டால் கதவு சாத்தப்படுகிறது. கங்கை, பிரம்மபுத்திரா, சிந்து ஆகிய படுகைகளின் நீரோட்டத் தரவுகள் அரசின் தரவுக் கொள்கைப்படி இரகசியமானவை. கென் யமுனையில் கலக்கிறது, யமுனை கங்கையில் கலக்கிறது. ஆகவே கென் ஆற்றின் தண்ணீர்க் கணக்கும் தேசப் பாதுகாப்பு இரகசியம்!

இந்த இரகசியம் எதை மறைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, நீரியலாளர்கள் ஓர் ஆற்றை எவ்வாறு கணக்கிடுகிறார்கள் என்று பார்ப்பது அவசியம். ஆற்றில் ஓடும் நீரை மொத்தமாக எவரும் அளந்துவிட முடியாது. ஆற்றின் குறுக்களவைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஆழத்தையும், நீரோட்ட வேகமானியைக் கொண்டு வேகத்தையும் அளந்து, பரப்பால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்பது அவ்வாறு கிடைக்கிறது. எல்லா நாளிலும் இதைச் செய்ய இயலாது. எனவே நீர்மட்டத்திற்கும் நீர் அளவிற்கும் உள்ள தொடர்பை ஒரு வளைகோடாக வரைந்துகொண்டு, பிறகு மட்டத்தை மட்டும் பார்த்து அளவைப் படிக்கிறார்கள். பெருவெள்ளத்தில் படகை இறக்க முடியாது. அப்போது அந்த வளைகோட்டை உத்தேசமாக மேலே நீட்டுகிறார்கள். வெள்ளம் படுகையை அரித்துவிட்டால் பழைய வளைகோடே பொய்யாகிவிடும். புந்தேல்கண்ட் ஆறுகளின் ஆண்டு நீரில் பெரும்பகுதி ஓடுவது அந்தச் சில பருவமழை வாரங்களில்தான். அதாவது, கணக்கில் மிகப் பெரிய எண் எதுவோ, அதுவே மிகக் குறைந்த உறுதியுடையது.

இது நீரியலாளர்களின் குற்றமல்ல. நேர்மையான நீரியலாளர் இதை மறைப்பதுமில்லை. மழை, மண், சரிவு, ஆவியாதல் ஆகியவற்றைக் கொண்டு கணித மாதிரி அமைக்கும்போது, தம்மிடமுள்ள ஆண்டுகளில் ஒரு பகுதியை வைத்து மாதிரியைச் சரிப்படுத்துவார். எஞ்சிய ஆண்டுகளை ஒதுக்கிவைத்து, அவற்றை மாதிரி சரியாகச் சொல்கிறதா என்று சோதிப்பார். பிறகு அளவீடுகளை மற்றவர்கள் முன் வைப்பார். அறிவியல் என்று பெயர் பெறுவது இந்தக் கடைசிக் காரியத்தால்தான். அளவீடுகளைப் பூட்டிவைத்துவிட்டு முடிவை மட்டும் அறிவிப்பது அரசாணை; அது அறிவியல் ஆகாது.

‘உபரி’ என்பது அளந்து பெறும் எண்ணும் அல்ல. அது ஒரு கழித்தல் கணக்கு. ஆற்றில் கிடைக்கும் நீரிலிருந்து படுகை மக்களின் இன்றைய, நாளைய தேவைகளைக் கழித்தால் எஞ்சுவதே உபரி. கழிக்கப்படும் தொகையைச் சிறிதாக்கினால் உபரி பெருகும். கென் ஆற்றின் மேற்படுகையில் வாழும் ஏழை விவசாயிக்கும் ஆதிவாசிக்கும் பாசன வசதி இல்லை. ஆகவே அவர்களது ‘தேவை’ குறைவு. ஆகவே அவர்களது ஆற்றில் உபரி. வறுமையே உபரியாக எழுதப்படுகிறது. மேற்படுகையின் பாசன வாய்ப்புகளை முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்காமல் நீரை வெளியே கொண்டுசெல்வது பற்றி, உச்சநீதிமன்றம் நியமித்த மத்திய அதிகாரமளிக்கப்பட்ட குழுவே 2019இல் கேள்வி எழுப்பியது. பதில் வரவில்லை, அடிக்கல் வந்தது.

எந்த ஆண்டை வைத்து ‘கிடைக்கும் நீர்’ என்று சொல்வது என்பதிலும் அரசியல் உண்டு. கிருஷ்ணா ஆற்றில் பச்சாவத் நடுவர் மன்றம், நூற்றுக்கு 75 ஆண்டுகளிலாவது உறுதியாகக் கிடைக்கும் நீரைக் கணக்கில் எடுத்து 2,060 டி.எம்.சி. என்றது. பின்னர் வந்த இரண்டாவது நடுவர் மன்றம் 65 ஆண்டுகள் என்ற அளவையும் ஏற்றது. பங்கிடத்தக்க நீர் 2,293 டி.எம்.சி. ஆயிற்று. காவிரியில் நடுவர் மன்றம் வைத்த அளவு 50. கிடைத்த எண் 740 டி.எம்.சி. ஒவ்வோர் அளவுக்கும் வாதங்கள் உண்டு. ஆனால் அங்கெல்லாம் மாநிலங்கள் எதிரெதிரே நின்று, ஆண்டு ஆண்டாக அளவீடுகளை வைத்து வாதிட்டன. கென் கரையில் வாழும் பாந்தா விவசாயிக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

கென்னும் பேத்வாவும் அடுத்தடுத்த படுகைகள். இரண்டும் யமுனையில் கலப்பவை. ஒரே பருவமழையை நம்பியவை. ஒன்றில் வறட்சி என்றால் மற்றதிலும் பெரும்பாலும் வறட்சிதான். உபரியும் பற்றாக்குறையும் பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கின்றனவாம். போதாததற்கு, நதி இணைப்பால் பாசனப் பரப்பு விரியும்போது காற்றின் ஈரமும் மழையும் மாறும் என்று மும்பை ஐ.ஐ.டி. உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2023இல் மாதிரிகளின் மூலம் காட்டினார்கள். ஏற்கெனவே வறண்ட பகுதிகளில் செப்டம்பர் மழை 12 சதவீதம் வரை குறையக்கூடும் என்பது அவர்களது கணிப்பு. திட்டக் கணக்கோ, ஆற்றில் கை வைத்தாலும் வானம் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறது.

நிலத்தடி நீரைப் பற்றி ஒரு சொல். கோடையில் ஓர் ஆறு ஓடுகிறதென்றால் அது மழைநீர் அல்ல. காடும் மண்ணும் பாறை வெடிப்புகளும் தேக்கிவைத்து மெல்லக் கசியவிடும் நீர். ஆல்ப்ஸ் மலையின் தென்சரிவில் காட்டை வெட்டிய மக்கள் தங்கள் சுனைகளையே வற்றச் செய்துகொண்டதையும், மழைக்காலத்தில் வெள்ளத்தை வரவழைத்துக்கொண்டதையும் உழைப்பின் பாத்திரம் குறித்த கட்டுரையில் எங்கெல்ஸ் சுட்டிக்காட்டியிருப்பதை நமது தோழர்கள் அறிவார்கள். பன்னா காட்டை வெட்டி மூழ்கடித்துவிட்டு, கென்னின் நீர்வரத்து மட்டும் பழைய கணக்குப்படியே வரும் என்று எதிர்பார்ப்பது எந்த அறிவியல்? ஆற்றையும் நிலத்தடி நீரையும் வேறு வேறு கணக்கேட்டில் எழுதுவதன் விலையைத் தமிழகம் அறியும். 2018 காவிரித் தீர்ப்பில், தமிழகத்தின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்தும், வேறு காரணத்தாலும் நமது பங்கு 192இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைக்கப்பட்டது. டெல்டாவின் நிலத்தடி நீரில் கணிசமான பங்கு காவிரி பாய்வதால் ஊறுவது. ஆற்று நீரைக் குறைத்தால் ஊற்றும் குறையும் என்பதை அந்தக் கழித்தல் கணக்கு பார்க்கவில்லை.

தவறான கணக்கின் விலை கழிமுகம் வரை போகும். கொல்கத்தா துறைமுகத்தின் வண்டலை அடித்துச் செல்ல நொடிக்கு 40,000 கன அடி நீரை ஹூக்ளியில் திருப்பினால் போதும் என்று கூறி ஃபராக்கா தடுப்பணை கட்டப்பட்டு, 1975இல் இயக்கத்திற்கு வந்தது. கழிமுகத்தில் வண்டல் மேலிருந்து மட்டும் வருவதில்லை. கடலின் ஓதமும் கீழிருந்து அதை மேலே தள்ளுகிறது. மேற்கு வங்கப் பொறியாளர் கபில் பட்டாச்சார்யா, இத்திட்டம் துறைமுகத்தைக் காக்காது, மால்டாவிலும் முர்ஷிதாபாத்திலும் வெள்ளத்தைப் பெருக்கும் என்று முன்கூட்டியே எச்சரித்தார். பாகிஸ்தானின் கையாள் என்று அவர் தூற்றப்பட்டார். ஹூக்ளியில் தூர்வாருவது இன்றும் ஓயவில்லை. மால்டாவில் கங்கை கிராமங்களை விழுங்குவதும் ஓயவில்லை. அன்று கணக்கைச் சரிபார்த்தவர் உளவாளி. இன்று கணக்கே உளவு இரகசியம்.

அண்டை நாடுகளோடு பேச்சுவார்த்தை நடப்பதால் இரகசியம் தேவை என்கிறார்கள். 1996 டிசம்பர் 12 அன்று கையெழுத்தான கங்கை நீர் உடன்பாட்டின்படி, வறண்ட மாதங்களில் ஃபராக்காவில் இந்தியாவும் வங்கதேசமும் கூட்டாகவே அன்றாட நீரளவைப் பதிவு செய்கின்றன. டாக்காவின் அதிகாரி கையெழுத்திட்டு அறிந்துகொள்ளும் கங்கையின் கணக்கு, கங்கைப் படுகையின் குடிமக்களுக்குக் கூடாது என்றால், யாரிடமிருந்து மறைக்கப்படுகிறது என்பதில் ஐயமில்லை.

“புந்தேல்கண்டின் தாகத்தைத் தீர்ப்பதை எதிர்க்கிறீர்களா?” என்று ஆட்சியாளர்கள் கேட்கிறார்கள். தாகம் உண்மை. வறட்சியால் கூட்டம் கூட்டமாக நகரங்களின் கட்டுமானப் பணிகளுக்குப் புலம்பெயரும் அந்த மக்களுக்கு நீர் வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் பயனாளி மாவட்டங்களின் பட்டியலில் விதிஷாவும் ராய்சேனும் இருக்கின்றன. அவை புந்தேல்கண்டில் இல்லை. பேத்வாவின் மேற்பகுதி அங்கே நீரை எடுத்துக்கொள்ள, அதற்கு ஈடாகக் கீழ்ப்பகுதிக்குக் கென் நீர் கொண்டுவரப்படும். புந்தேல்கண்டின் பெயரால் புந்தேல்கண்டின் ஆறு வெளியே போகிறது. சந்தேல மன்னர்கள் காலத்து ஏரிகள் மஹோபாவிலும் டீகம்கரிலும் நூற்றுக்கணக்கில் உள்ளன. கருங்கல் பாறை நிலத்தில் நீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு ஊட்ட அவற்றைவிடப் பொருத்தமான அமைப்பு வேறில்லை. அவற்றைத் தூர்வாரிச் சீரமைக்க ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் ஒப்பந்தங்கள் தேவைப்படாது. ஆட்சியாளர்களுக்கு அதில் ஆர்வமில்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கென், பேத்வா அளவீட்டு நிலையங்களின் ஆண்டுவாரிப் பதிவுகள் முழுவதையும் வெளியிடு. அரசு சாராத நீரியலாளர்கள் அவற்றைச் சரிபார்க்கும் வரை தௌதனில் வேலையை நிறுத்து. கிராம சபைகளின் ஒப்புதலின்றி ஒரு குடும்பத்தையும் வெளியேற்றாதே: இவை உடனடிக் கோரிக்கைகள்.

தமிழக மேடைகளில் கோதாவரி–காவிரி இணைப்பு ஒரு மந்திரம்போல ஒலிக்கிறது. அத்திட்டம் பெரிதும் நம்பியிருப்பது சத்தீஸ்கர் இன்னும் பயன்படுத்தாத கோதாவரிப் பங்கை. ஏன் பயன்படுத்தப்படவில்லை, யாருடைய வயல்கள் அங்கே வறண்டு கிடக்கின்றன என்ற கேள்வியைக் கேட்காமல் அந்த நீருக்காகக் கைதட்ட நம்மால் முடியாது. கோதாவரியின் தரவுகள் இரகசியப் பட்டியலில் இல்லை. விவசாயிகள் இயக்கமும் அறிவியல் இயக்கமும் இணைந்து, அங்கே எவ்வளவு நீர் உண்மையில் எஞ்சுகிறது என்பதை இப்போதே கணக்கிடத் தொடங்கலாம்.