நீலச் சுடர் மஞ்சளானால்...



விறகடுப்பின் குணம் நமக்குத் தெரியும். ஈர விறகு புகையும், சாம்பல் நிறைந்தால் தீ மந்தமாகும் என்று உம்மாமார் சொல்லித் தந்திருக்கிறார்கள். காஸ் அடுப்பின் குணத்தை நமக்கு யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை. அதனால்தான் அடுப்பு அணைந்து அணைந்து எரிந்தால் தீக்குச்சியைத் திரும்பத் திரும்பக் கிழிக்கிறோம். "அவர் வந்ததும் சொல்லலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். அவரோ வயலில் இருப்பார், கடையில் இருப்பார், அல்லது கட்டாரில் இருப்பார். அடுப்பின் முன்னால் நிற்பது நாம். ஆகவே அதன் குறைகளை அறிந்திருக்க வேண்டியவர்களும் நாம்தான்.

2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாட்டின் பல பாகங்களிலும் காஸ் அடுப்புகள் வெடித்தன, தீப்பிடித்தன. சிலர் உயிரையும் இழந்தனர். பயந்துபோய் எத்தனையோ பேர் மறுபடியும் விறகைத் தேடினார்கள். அன்றைய ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, சிலிண்டருக்குள் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் அளவு மாறியதே முக்கிய காரணம் என்று கூறியது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் பலவீனமான இடத்தைத் தேடும். தளர்ந்த கிளிப், வெடித்த ரப்பர் குழாய், தேய்ந்த ரெகுலேட்டர் ஆகியவையே அந்த இடங்கள். சிலிண்டருக்குள் என்ன நிரப்புகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. ஆனால் இந்த மூன்றும் நம் கையில்தான் இருக்கின்றன.

முதலில் சுடரைப் பாருங்கள். நல்ல சுடர் நீலமாக, அசையாமல் எரியும். மஞ்சளாகி, சட்டியின் அடியில் கரி பிடித்தால், காஸுடன் போதிய காற்று கலக்கவில்லை என்று பொருள். பால் பொங்கி வழிந்து பர்னரின் துளைகள் அடைபட்டிருக்கலாம். காற்று போகும் குழாய்க்குள் சிறு பூச்சி கூடு கட்டியிருக்கலாம். ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறிய பின் பர்னர் மூடியைக் கழற்றி, வெந்நீரும் சோப்பும் போட்டு பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் சுடர் மீண்டும் கெடும். உள்ளே காஸ் வரும் சின்னஞ்சிறு துளையை மட்டும் ஊசியால் குத்தாதீர்கள். துளை பெருத்தால் சுடர் அளவுக்கு மீறி எழும். அது பழுது பார்ப்பவரின் வேலை.

பிடியைத் திருகிப் பற்ற வைத்து, கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறதா? சில அடுப்புகளில் பர்னருக்குப் பக்கத்தில் விரல் நுனி போல் ஒரு சிறு கம்பி நிற்கும். சுடர் அணைந்தால் காஸைத் தானாக நிறுத்துவதற்கு வைத்தது அது. அதில் கரி படிந்தால் சூடு தெரியாமல் காஸை நிறுத்திவிடும். மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். அப்படியும் சரிவராவிட்டால் பழுது பார்ப்பவரை அழையுங்கள். பிடியை அழுத்தி ஏதாவது முட்டுக் கொடுத்துச் சமைப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலோரத்து அடுப்பு அடிக்கடி அணையும். அதற்கு ஜன்னலை அடைக்காதீர்கள், அடுப்பைத் தள்ளி வையுங்கள். சிலிண்டர் முடியும் தறுவாயிலும் சுடர் சிறுக்கும். அப்போது சிலிண்டரைப் படுக்க வைப்பதும், வெந்நீரில் நிறுத்துவதும் கூடவே கூடாது. படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் வந்துவிடும்.

இனி, மாதம் ஒரு முறை செய்ய வேண்டிய சோதனை ஒன்று. பாத்திரம் கழுவும் சோப்பை நீரில் கரைத்து, ரெகுலேட்டரைத் திறந்து, அடுப்பைப் பற்ற வைக்காமல், சிலிண்டரின் வாய், ரெகுலேட்டர், குழாய், இரு பக்கக் கிளிப்புகள் எல்லாவற்றிலும் அந்த நுரையைத் தடவுங்கள். குமிழி எழுந்து பெருத்தால் அங்கே கசிவு இருக்கிறது. தீக்குச்சியைக் காட்டிச் சோதிப்பவர்களும் உண்டு. அவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். சாகாமத்து வயல் நெல்லை வீட்டில் அடுக்கி வைப்பவர்கள் குழாயை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். நெல்லுக்கு வரும் எலி ரப்பரையும் கடிக்கும். வெடிப்போ கடித்த தடமோ இருந்தால் ஒட்டுப் போடாதீர்கள், புதிய குழாய் வாங்குங்கள். குறை ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. சிலிண்டரை ஈரத் தரையில் வைக்க வேண்டாம். நம் கரையோரத்து உப்புக் காற்றும் ஈரமும் அதன் அடியை அரித்துவிடும்.

காஸ் மணத்தால் என்ன செய்வது? காஸுக்குச் சொந்த மணம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்றே அந்தக் கெட்ட மணத்தைச் சேர்க்கிறார்கள். மணம் பட்டதும் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். மின்சார சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். மின்விசிறியும் வேண்டாம். சிறு பொறி போதும். பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே அனுப்பி, கைத்தொலைபேசியில் பேசுவதையும் வெளியே போய்ச் செய்யுங்கள். காஸ் காற்றை விடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தங்கும். அதனால்தான் சிலிண்டரை மூடிய அலுமாரிக்குள் வைக்கக் கூடாது. ரெகுலேட்டரை மூடிய பின்னும் சிலிண்டரில் சீறல் கேட்டால், நெருப்பு இல்லாத திறந்த வெளிக்கு அதைக் கொண்டுபோய் நிமிர்த்தி வைத்து, விற்றவருக்குச் சொல்லுங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் அருகில் வைக்க வேண்டாம். காஸ் அங்கே இறங்கித் தேங்கும்.

நோன்பு காலத்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். சஹருக்கு அரைத் தூக்கத்தில் எழுகிறோம். குசினியோ இரவெல்லாம் பூட்டிக் கிடந்திருக்கிறது. கதவைத் திறந்ததும் சுவிட்சில் கை வைக்காமல் ஒரு நிமிடம் நின்று மணம் பாருங்கள். சளி பிடித்தவருக்கும் வயதான உம்மாவுக்கும் மணம் சரியாகத் தெரியாது. அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். இரவில் கடைசியாக ரெகுலேட்டரை மூடுவது யார் என்பதையும் வீட்டில் பேசி முடிவு செய்து கொள்ளுங்கள். "அவள் மூடியிருப்பாள்" என்று இரண்டு பேர் நினைத்தால் அது திறந்தே கிடக்கும்.

உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரிய விடாதீர்கள் என்று நபிகளார் (ஸல்) அவர்கள் ஏவியது புகாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் பதிவாகியிருக்கிறது. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு தீப்பற்றிய செய்தி எட்டியபோதுதான் இந்த எச்சரிக்கை வந்தது. அன்று அது விளக்கு, இன்று அது ரெகுலேட்டர். மூடிவிட்டுப் படுப்பது நமக்குச் சுன்னத்தைப் பேணியதாகவும் இருக்கும், வீட்டாருக்குக் காவலாகவும் இருக்கும்.

இதை வாசித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் குழாயைப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் வீடுகளைக் காப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.