பரிசுப் பணமும் பங்கீடும்

கல்லூரியின் விழா மலரொன்றிலே கடுதாசி விளையாட்டைப் பற்றி எழுதுதல் தகுமோ என்று முகஞ் சுளிக்கும் அன்பர் சிலர் இருப்பர். அவர்க்கு எம் விடை இது: வள்ளுவர் சூதைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்தார், அதனை யாம் ஆண்டுதோறும் வகுப்பிலே கற்பித்து வருகின்றோம், கற்பித்ததில் ஓரெழுத்தையும் ஈண்டு மாற்ற எண்ணினோமல்லேம். வீடு வாசலை விழுங்கும் சூது வேறு. மாதத்துக்கு ஒருமுறை நண்பர் பதின்மர் ஒருவர் வீட்டிற் கூடி, தேநீருக்கும் வடைக்கும் இடையே சிறுதொகை வைத்து ஆடும் பொழுதுபோக்கு வேறு. பின்னதும் வேண்டாமென்பார் விலகி நிற்கலாம், யாமும் ஆடுவோமல்லேம். ஆயினும் ஆடுவோர் நம் பழைய மாணவர். ஆட்டத்தினால் அவரிடையே பகை மூளுமாயின் அஃது எமக்கும் உரிய கவலையாகும்.

பகை மூண்டது, அதனாலேயே இதனை எழுதுகின்றோம். கொழும்பிலே தொழில் புரியும் பழைய மாணவர் பதின்மர் போக்கர் என்னும் ஆட்டத்தை மாதந்தோறும் ஆடி வந்தனர். அவர்தம் தந்தையர் செத்த வீடுகளில் விடியும்வரை விழித்திருந்து ஆடிய முந்நூற்றுநாலில் பணத்துக்கு இடமில்லை. இரு கட்சியாகப் பிரிந்து, துரும்பு சொல்லி ஆடி, தோற்றவரைக் கேலி செய்வதோடு அது முடிந்துவிடும். போக்கரோ பணயமின்றி ஆடினால் சுவையற்றது. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனுடைய துணிவு துணிவாகாதன்றோ!

ஆகவே ஆளுக்கு 1,000 ரூபா ஒவ்வோர் இரவும் இட்டனர். அதில் 600 ரூபா அன்றிரவே வென்றவர்க்குச் சென்றது. 400 ரூபா பொருளாளரிடம் ஒதுக்கி வைக்கப்பட்டது. பன்னிரண்டு மாத முடிவில் 48,000 ரூபா திரண்டது. ஆண்டு முழுதும் ஈட்டிய புள்ளிகளுக்கேற்ப வட்ட வில்லைகள் பெற்று இறுதியிரவில் ஆடுவது எனவும், முதல்வருக்கு 24,000, இரண்டாமவருக்கு 14,400, மூன்றாமவருக்கு 9,600 எனவும் விதித்திருந்தனர். இறுதியிரவில் எழுவர் தோற்றெழுந்தனர். எஞ்சிய மூவரிடம் இருந்த வில்லைகள் நூற்றுக்கு 50, 30, 20 என்ற அளவில் நின்றபோது, மூன்றாமவர் வீட்டிலிருந்து பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல் என்று செய்தி வந்தது. ஆட்டம் நின்றது. நின்றால் எவ்வாறு பகுப்பது என்பதை எவரும் முன்னர் எண்ணியிருக்கவில்லை.

வில்லைகளின் அளவுப்படி பகுக்க வேண்டுமென்றார் முன்னின்றவர். மூவருக்கும் 16,000 வீதம் சமமாகக் கொடுக்க வேண்டுமென்றார் மூன்றாமவர். இன்னொரு நாள் ஆடி முடிப்போமென்றார் நடுவில் நின்றவர். சொல் தடித்தது. பணம் பொருளாளர் கையிலேயே மாதக்கணக்கில் கிடந்தது. ஒருவர் மற்றவர் வீட்டுக் கலியாணத்துக்கும் போகாதிருந்தார். ஒரே வாங்கில் அமர்ந்து எம்மிடம் இலக்கணம் படித்தவர்கள் இவர்கள்! இறுதியில் வழக்கு எம்மிடம் வந்தது.

வில்லைகளின் அளவுப்படி பகுத்தல் பார்வைக்கு நீதி போலத் தோன்றும்; சற்றே கணக்கிட்டால் அதன் பொய்ம்மை வெளிப்படும். அவ்வாறு பகுத்தால் முன்னின்றவருக்குக் கிடைப்பது 24,000. அஃதாவது வெல்லாமலே வென்றவனுக்குரிய முழுப்பரிசு. மூன்றாமவருக்கு 9,600, தோற்றெழுந்திருந்தாலும் அவருக்கு அது கிடைத்திருக்கும். ஆகவே அவர் கையிலிருந்த வில்லைகளுக்கு ஒரு சதமேனும் மதிப்பில்லையென்று ஆகிவிடுகின்றது. சமமாகப் பகுத்தலோ ஆண்டு முழுதும் ஆடியதை அழித்துவிடும். இன்னொரு நாள் ஆடுதல் நன்றே. ஆயின் பேச்சற்றுப்போன மூவரை ஒரு மேசையில் எவர் அமர்த்துவார்?

இவ்வழக்கு புதியதன்று. 1494இல் இத்தாலிய நாட்டுத் துறவியாகிய லூக்கா பச்சியோலி தம் கணித நூலிலே இதனை எடுத்துக்கொண்டார். அறுபது எடுத்தவர் வெல்லும் பந்தாட்டமொன்று, ஒரு பக்கம் ஐம்பதும் மறுபக்கம் இருபதும் எடுத்த நிலையில் நின்றுவிடின் பணயத்தை எவ்வாறு பகுப்பது? ஐந்துக்கு இரண்டாக என்றார் அவர். 1556இல் தர்த்தாலியா என்பார் இதனை மறுத்தார்: ஒரு பக்கம் பத்தும் மறுபக்கம் ஒன்றுமில்லாமலும் நின்றால், தொடக்கத்திலேயே ஒருவர் முழுப்பணத்தையும் அள்ளிச் செல்வாரோ? இது கணக்கைவிட வழக்கு மன்றத்துக்கே உரிய வினா எனவும் அவர் கூறினார்.

1654இல் பிரெஞ்சு நாட்டறிஞர் பஸ்காலும் பேர்மாவும் தம்முள் எழுதிய கடிதங்களிலே உண்மை வெளிப்பட்டது. இதுவரை எத்தனை எடுத்தான் என்று கேளாதே, இனி எத்தனை எடுக்க வேண்டியிருக்கின்றது என்று கேள் என்பது அவர் கொள்கை. பஸ்கால் காட்டிய எடுத்துக்காட்டு எளிது. இருவர் ஆளுக்கு 32 பொற்காசு வைத்து, மூன்று ஆட்டம் முந்தி வென்றவருக்கே எல்லாம் என்று ஆடுகின்றனர். ஒருவர் இரண்டும் மற்றவர் ஒன்றும் வென்ற நிலையில் பிரிகின்றனர். அடுத்ததை முன்னின்றவர் வென்றால் 64ம் அவருக்கே; தோற்றால் இருவரும் சமநிலை, 32 அவருக்கு. எப்படியாயினும் 32 உறுதி. எஞ்சிய 32இல் இருவர்க்கும் பாதி உரிமை. ஆகவே 48, 16. இம்முறையைப் பச்சியோலியின் பந்தாட்டத்துக்குப் பொருத்தினால், இரு பக்கமும் சமவலியுடையனவாயின், விடை ஐந்துக்கு இரண்டன்று, பதினைந்துக்கு ஒன்று.

எம் மாணவர் வழக்கும் அவ்வாறே தீரும். மூவருக்கும் 9,600 உறுதி. அதனை முதலில் எடுத்து வைத்தால் எஞ்சுவது 19,200. இதற்கே போட்டி. ஒவ்வொருவரும் முதலாவதாக வரும் வாய்ப்பு அவரவர் வில்லையளவு என்று கொண்டு, இரண்டாவதாக வரும் வாய்ப்பையும் அதிலிருந்தே கணிக்கும் வழியொன்றை 1973இல் டேவிட் ஹார்வில் குதிரைப் பந்தயத்துக்காக வகுத்தார். 1987இல் மேசன் மல்முத் அதனைப் போக்கருக்குப் பொருத்தினார். எம்முடன் பணியாற்றும் கணித ஆசிரியர் அவ்வழியே கணக்கிட்டுத் தந்த தொகை: முதல்வருக்கு 18,430, இரண்டாமவருக்கு 15,720, மூன்றாமவருக்கு 13,850. மூவரும் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றனர். மூவரும் முணுமுணுத்தமையால் தீர்ப்பு நேரிதென்று யாம் தேறினோம்.

எனினும் தர்த்தாலியா கூறியதை எளிதாகத் தள்ளிவிடலாகாது. கணக்கு பின்னர் வருவது; முன்னர் வேண்டியது உடன்பாடு. வாரத்துக்கு வயல் செய்வோர் கதிர் முற்றிய பின்னரா பங்கு பேசுகின்றனர்? சீட்டுப் பிடிப்போரும் கழிவு எவ்வாறு பிரியும் என்பதை முதல் மாதத்துக்கு முன்னரே சொல்லிவிடுகின்றனர். படித்தவர் பதின்மர் கூடிய இடத்தில் அந்த முன்னறிவு இல்லாது போனது எமக்கு வியப்பே. கூச்சந்தான் காரணம்போலும். நண்பரிடத்தில் காசுக்கணக்குப் பேசுதல் இழிவென்று கருதினர். பேசாமல் விட்டதன் விலை கலியாண வீட்டிலே தெரிந்தது.

இன்னும் ஒன்று. பரிசு முழுவதையும் மூவருக்கே கொடுத்தல் நண்பர் குழுவுக்கு ஒவ்வாது. முழுதும் ஒருவருக்கே என்பாரும் உளர். அஃது இன்னுங் கேடு. ஏழாம் மாதத்தில் கடைசியில் நிற்பவர் எட்டாம் மாதம் ஏன் வரவேண்டும்? அவர் வராவிடின் அவர் சிரிப்பும் வராது. பத்துப்பேர் ஆறாவர், ஆறு நால்வராகும். எம் கருத்தின்படி ஐவருக்குப் பகுக்கலாம்: 17,000, 11,800, 8,400, 6,000, 4,800. ஐந்தாமவர் தாம் ஒதுக்கியிட்ட 4,800 ரூபாவை மீளப் பெறுகின்றார்; முதல்வரும் முதல்வராகவே நிற்கின்றார். இவை எல்லாவற்றுக்கும் முன், ஒவ்வோர் இரவும் விருந்திட்ட வீட்டின் செலவு கழிக்கப்பட வேண்டும். பின்னிரவுவரை வடை சுட்ட இல்லத்தரசியாரை எந்தக் கணக்கிலும் எவரும் சேர்த்ததாக யாம் அறியோம்.

வழக்கு முற்றியிருந்த வேளையில், பணம் முழுவதையும் கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிட்டால் சண்டை தீருமே என்றார் ஒருவர். நூலகத்துக்குப் பணம் வேண்டும். அகராதிகள் பல கந்தலாகிக் கிடக்கின்றன. இருந்தும் யாம் அதற்கு உடன்படவில்லை. எவருக்கு எவ்வளவு உரியது என்று துணியாமல் கொடுப்பது கொடையாகாது. தீராத வழக்கைக் கல்லூரியின் தலையிற் சுமத்துவதாகும். அவரவர் பங்கு அவரவர் கைக்கு வரட்டும்; பின்னர்க் கொடுக்க விரும்புவோர் கொடுக்கட்டும்.

அடுத்த ஆண்டுக்குரிய விதிகளை எழுதுவதில் இப்போது முனைந்திருக்கின்றனர். ஒரு விதியில் மட்டும் உடன்பாடு எட்டப்படவில்லை. ஏழு மாதம் ஆடிவிட்டு வேலை பெற்றுக் கடல் கடந்து செல்பவர், ஒதுக்கியிட்ட 2,800 ரூபாவைத் திரும்பப் பெறலாமோ? பெறலாம் என்பது எம் கருத்து. அன்றன்றைய 600க்கு அவர் ஆடி முடித்தார். 400 இட்டதோ இறுதியிரவில் ஆடும் வாய்ப்புக்காக. கிடையாத வாய்ப்புக்கு விலை கொள்ளலாகாது. பின்தங்கியவரும் சாக்குச் சொல்லி விலகிப் பணம் கேட்பரே என்கின்றனர் இருவர். அதிலும் உண்மையுண்டு, ஊர் விட்டுச் செல்பவர்க்கு மட்டும் என்று எழுதிக்கொள்ளுமாறு சொல்லியனுப்பியிருக்கின்றோம். விடை இன்னும் வரவில்லை.